வாசலில் படுத்த நரி

பாலைவனத்து வளை ஒன்றில் ஒரு நரியும் நிறைமாதமாயிருந்த அதன் பெண்நரியும் குடியிருந்தன. கோடை வந்ததும் வளை அடுப்பாய்க் கொதித்தது. இந்தச் சூட்டில் குட்டிகள் பிழைக்குமா என்று பயந்துபோன நரி, வளை வெட்டுவதில் பேர்போன முள்ளம்பன்றி மேஸ்திரியை அழைத்துவந்தது.

"காத்து வர இன்னொரு வழி வெட்டணும் மேஸ்திரி."

எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளுமுன், உச்சிவெயிலில் அந்த வளைக்குள் படுத்துப் பார்ப்பது மேஸ்திரியின் வழக்கம். அன்றும் ஒரு மூலையில் படுத்தது. நரி எப்போதும்போல வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் மூச்சு முட்டி எழுந்த மேஸ்திரி, வாசலைப் பார்த்தது.

"தினமும் இங்கேதான் படுப்பீரா?"

"ஆமா. குளிர்காலத்துல ஊதக்காத்து அவமேல படாம மறைச்சுப் படுத்தேன். அப்படியே பழகிடுச்சு."

"வெட்ட ஒண்ணுமில்லைய்யா. நீர் நகர்ந்தாப் போதும்" என்று சிரித்தபடி மேஸ்திரி கிளம்பிவிட்டது.

நரி குன்றிப்போய் உள்ளே வந்து படுத்தது. அதன் பின்னாலேயே காற்றும் வந்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று பெண்நரியைக் கேட்டது.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே!"

"நாளைக்குச் சொல்லலாம்னு தினமும் நினைப்பேன். நீங்க காவல் படுத்திருக்கிற அழகைப் பார்த்தா வாய் வராது."

பெண்நரி மெல்ல நகர்ந்து இடம் விட்டது.

"மார்கழி வரட்டும், குட்டிகளுக்கும் சேர்த்து மறைக்கணும். இப்போ இங்கேயே தூங்குங்க."