அப்பா சட்டைப் போர்வை

அம்மாவின் அலமாரியைத் திறந்ததும் பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். நடுவுள்ளவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமா, அந்துருண்டை நெடியா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சின்னவள் அழவில்லை. ஒன்பது வருடம் இந்த வீட்டில் அம்மாவோடு ஒண்டியாகக் கிடந்தவள் அவள். அக்காக்கள் அழுது முடிக்கட்டும் என்று கதவோரம் நின்றாள்.

பிறகு மூவரும் உட்கார்ந்து, உள்ளே இருந்த போர்வைகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார்கள். எல்லாம் அம்மா கையால் தைத்த ஒட்டுப்போர்வைகள். வீட்டில் யாருடைய துணியாவது கொஞ்சம் நைந்தால் போதும், அம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கத்தரிக்கோலும் கையுமாக வந்து நிற்பாள்.

"இதோ பாரு, என் ஸ்கூல் யூனிஃபார்ம்" என்று ஒரு பச்சைக் கட்டத்தைத் தடவி நடுவுள்ளவளிடம் காட்டினாள் பெரியவள். "நைஞ்சே போகல. பரீட்சைக்கு முத நாள் வெட்டிட்டாங்க. நான் உன் பாவாடையை இடுப்புல ஊக்கு குத்திப் போட்டுக்கிட்டுப் போனேன்."

மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"மெதுவா" என்றாள் நடுவுள்ளவள், உள்ளறைப் பக்கம் கையைக் காட்டி. "இந்த நேரத்துல சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு வண்டி வந்திடும். அதுக்குள்ள பிரிச்சு முடிச்சிடுவோம். வண்டியில கூட ஏதாவது வைக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாமாம். துணி முதற்கொண்டு எல்லாம் அவங்களே போடுவாங்களாம். வீட்டுச் சாமான் எதையும் வைக்காதீங்கன்னு கறாராச் சொல்லிட்டாங்க" என்றாள் சின்னவள். "நாளைக்கு நானும் கிளம்பிடுவேன். வீட்டைப் பூட்டிடலாம்."

அலமாரியில் இருந்தவை ஆறு போர்வைகள். ஆளுக்கு இரண்டு என்று அதிகம் முகம் கோணாமல் பிரிந்தன. பூப்போட்டது ஒன்றுக்காக மூத்தவர்கள் இருவரும் கொஞ்சம் உர்ரென்று இருந்தார்கள். அவ்வளவுதான்.

"அப்பா சட்டைப் போர்வை எங்கே?" என்று கேட்டாள் பெரியவள். அவள் வந்ததே அதற்காகத்தான்.

"உள்ளே கட்டில்ல இருக்கு."

அப்பா திடீரென்று போனபோது, அம்மா அவருடைய பதினொரு சட்டைகளையும் வெட்டி ஒரே போர்வையாகத் தைத்துவிட்டாள். வேறு துணி ஒரு துண்டுகூடச் சேர்க்கவில்லை. ஒரு சட்டையின் பையைப் பிரிக்க மனம் வராமல் அப்படியே வைத்துத் தைத்திருந்தாள். அப்பாவுடையது என்று இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"மூத்தவ நான். முறைப்படி எனக்குத்தான் வரணும்."

"உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? நாளைக்குத் தையல் விட்டா என்கிட்டதானே தூக்கிட்டு வருவே?" என்றாள் நடுவுள்ளவள்.

"அது எனக்கு வேணும்" என்றாள் சின்னவள்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

"ஒம்போது வருஷம் அம்மா கூடவே இருக்க உனக்குக் கொடுத்து வச்சுது. எங்களுக்கு அது கூடக் கிடைக்கல. இன்னும் என்னடி?" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து முதுகு ஒடிந்தது அவளுக்கு. போனில் விசாரித்தது அக்காக்கள். அதையெல்லாம் இப்போது சொல்லிக் காட்ட அவள் விரும்பவில்லை.

"அப்பா போனப்ப உனக்குப் பதிமூணு வயசு, அவளுக்குப் பத்து. அவர் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கு. தோள்ல தூக்கிட்டுப் போனது ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப ஒண்ணரை வயசு. எனக்குன்னு என்னக்கா இருக்கு? அந்தச் சட்டைங்களை விட்டா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள் அன்றைக்கு நெடியில்லாமல் வந்த அழுகை அது ஒன்றுதான்.

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்துக்கோடி. நாங்க கேக்கல" என்றாள். நடுவுள்ளவளும் தலையாட்டினாள்.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரை போட்டிருந்ததால் அறை அரையிருட்டாக இருந்தது. கட்டிலில் போர்வை தலைமாடு முதல் கால்மாடு வரை மூடிக் கிடந்தது. அவள் மண்டியிட்டு, கால்மாட்டில் தொங்கிய பகுதியில் முகம் புதைத்தாள்.

போர்வை வெதுவெதுப்பாக இருந்தது. முப்பது வருடம் கழித்து, முதல் முறையாக, அப்பாவின் மடியில் முகம் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. இனி இது தன்னுடையது என்று நினைக்க நினைக்க மனம் நிறைந்து போனது.

நேரமாகிவிட்டது. அவள் எழுந்து போர்வையை இழுத்தாள். மேல் மூலை ஒன்று வராமல் அடம் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று உருவி, மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வெறும் மெத்தையில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு அம்மா முனகினாள்.

"முதியோர் ஹோம் வண்டி வர்ற வரைக்குமாவது விட்டு வையேன்டி, குளிருது."