உறவுமுறை என்ற கட்டம்

மேயர் குழந்தைவேலுவின் உடல் சுடுகாட்டுக்கு வந்தபோது பதிவேட்டில் கையெழுத்துப் போட உறவென்று ஒருவரும் இல்லை. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். பெரியாஸ்பத்திரியிலிருந்து கேட்பாரற்று வரும் பிணங்களுக்கெல்லாம் இருபது வருஷமாக அவர்தான் கொள்ளி வைத்தார். மேயரான பிறகும் விடவில்லை. உறவுமுறை என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் 'மகன்' என்றே எழுதுவார். சுடுகாட்டு எழுத்தர் சுகுணா ஒருநாள் தயங்கிக் கேட்டதற்கு, "வேற என்னம்மா எழுதச் சொல்றே?" என்றார்.

இன்று அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. மாலையோடு வந்த கவுன்சிலர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒரு கிழவர் சுகுணாவின் மேசைக்கு வந்து கட்டைவிரலை நீட்டினார்.

"கைநாட்டுதாம்மா."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"எம் புள்ளம்மா."

கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தவள் அவர் காலைப் பார்த்தாள். பெருவிரலில், பிணவறையில் நூலால் கட்டிவிடும் நம்பர் சீட்டு. பின்னாலிருந்து ஒரு கிழவி இடித்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு மட்டுமா புள்ள? தள்ளுய்யா."

அவள் காலிலும் சீட்டு. அவளுக்குப் பின்னால் வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது.

சுகுணா பேனா மூடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு பதிவேட்டில் புதுப் பக்கம் புரட்டினாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள்.