பெரிய பெட்டிக்கு அளவு

கணினிக் கடைத் தரையில் ரேக்கில் பொருத்தும் மூன்று சர்வர் பெட்டிகள் கிடக்கின்றன. கண்ணாடிக் கதவைத் தாண்டி வரும் வெயில் அவற்றின் கறுப்புத் தகட்டில் வழுக்குகிறது. வீட்டுப் படங்களையெல்லாம் ஒரே சர்வரில் சேர்க்கப்போகிற மருமகளுக்குப் பெரிய பெட்டியின்மேல்தான் கண். அதன் அகன்ற விசிறி சத்தமே போடாது. தையற்கடை நடத்தும் மாமியார் கழுத்திலிருந்து டேப்பை உருவி, மண்டியிட்டு அளக்கிறார். “நம்ம அலமாரியோட ஆழத்துக்கு மூணு இஞ்ச் அதிகம்.” மருமகளின் முகம் வாடுகிறது. “அப்ப சின்னதையே எடுத்துக்கலாம், அத்தை.” “எதுக்கு? பின்பலகையைக் கழட்டிட்டு, அலமாரியை முன்னாடி நகர்த்திடுவோம். வயருக்கும் கொஞ்சம் லூசு வேணும்ல?” “அது உங்க துணி அலமாரியாச்சே!” “துணிதானே, கட்டிலுக்கடியில படுத்துக்கும்.” கடைக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார். மருமகள் கடை நடுவிலேயே மாமியாரை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். “விடுடி, மூச்சு முட்டுது. அந்தப் பக்கம் பிடி, தூக்குவோம்.”