ஒரு ஹேட் அதிகம்

"ஹேட் எதுக்குடி அங்க?"

அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து போனை எட்டிப் பார்த்தான்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நான் சமையலறையில் நின்று சொந்தக்காரர்கள் குழுவுக்குச் சாவுச் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் ஆங்கிலம்.

ஆங்கிலம் அண்ணனின் ராஜ்ஜியம். பயிற்சி மையம் நடத்துகிறான். கொரியர் கொடுக்க வந்தவனின் ஆங்கிலத்தைக்கூட வாசலிலேயே திருத்தி அனுப்புவான். படுக்கையில் கிடந்த அப்பாவை ஒரு தடவைகூடப் புரட்டிப் படுக்கவைத்ததில்லை.

காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதை. அவன் வந்ததும் நான் டாக்டரை அழைத்துவரப் போயிருந்த நேரத்தில் நடந்ததாம். அப்பா அவன் கையைப் பிடித்தாராம். வீடு உனக்குத்தான், தங்கச்சிக்கு ஏதாவது பார்த்துச் செய் என்றாராம். அப்புறம்தான் உயிர் போனதாம்.

ஒவ்வொரு தடவையும் சரியாக 'வீடு' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

கேட்டவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். கொடுத்துவைத்தவன் என்று பெரியப்பா அவன் முதுகைத் தடவினார்.

நான் மறுத்துப் பேசினால், பிணம் கிடக்கும்போதே சொத்துக்கு அலைகிறாள் என்பார்கள்.

இப்போது அவன் என் வரியை வகுப்பில் படிப்பதுபோல் படித்தான். 'வென் அண்ணா கேம், அப்பா ஹேட் டைட்' (When Anna came, Appa had died).

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. கூடத்தில் ஆட்கள் இருப்பது நினைவு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு எதுவும் தெரியாது என்பது சின்ன வயதிலிருந்தே அவன் வைத்திருக்கும் நம்பிக்கை.

"மக்கு, மக்கு! ஹேட் போட்டா, நான் வர்றதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாருன்னு ஆயிடும். வெறும் டைட்னு போடு."

"தெரியும்ணா" என்றேன்.

அனுப்பிவிட்டேன்.

அவன் போனைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். துண்டு அப்படியே வாயில் இருந்தது.

டாக்டரை அழைக்கப் போனது சாவை உறுதிப்படுத்தத்தான். உடனே வா என்று நான் அவனுக்குப் போன் செய்தபோதே, அப்பாவின் கண்களை மூடியிருந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன் பதறிவிடக் கூடாதே என்று, அதை மட்டும் சொல்லவில்லை.