கால் நொடி

ஆவுடையப்பனின் வலது கை செயற்கைக் கை. பத்து வருடமாக அந்தக் கையால்தான் பாளையங்கோட்டையில் சவரம் செய்துவருகிறார். விரல்களை ஆட்டுவிக்கும் மென்பொருள் சென்னையில் ஒரு கிளவுட் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கை கம்பெனிக்காரர்கள் அதைக் கடல் தாண்டி எங்கோ இருக்கும் வேறொரு கிளவுடுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து, நிறுத்த வேண்டும் என்று அவர் நினைத்த பிறகும் கத்தி சற்று ஓடித்தான் நின்றது.

முதல் நாளே சாமுவேல் வாத்தியாரின் கன்னம் கிழிந்தது. மனிதர் ஒன்றும் சொல்லாமல் துடைத்துக்கொண்டு போனார். அதுதான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. கத்தியையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு நேரே கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்.

புதிய கிளவுடைத் தேர்ந்தெடுத்த அதிகாரி கிங்ஸ்லி திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார்.

"நாலு கிளவுட ஒப்பிட்டுப் பாத்துத்தான் இத எடுத்தோம், அண்ணாச்சி. தாமதம் வெறும் கால் நொடி. ஆயிரம் பேர காப்பி டம்ளர எடுக்கச் சொல்லிச் சோதிச்சோம். ஒருத்தரும் குறை சொல்லல."

"காப்பி டம்ளரு" என்றார் ஆவுடையப்பன். "அந்த ஆயிரம் பேர்ல கத்தி புடிக்கிறவன் ஒருத்தனாவது உண்டுமா சார்?"

கிங்ஸ்லி மறுபடி அட்டவணையைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். துண்டை உதறினார். கத்தியை விரித்தார்.

"உக்காருங்க சார். மூணு நாள் தாடி இருக்கு, வழிச்சு விடுதேன். கால் நொடிதான."

கிங்ஸ்லி உட்காரவில்லை. அவருடைய கை மட்டும், கொஞ்சமும் தாமதிக்காமல், தன் தொண்டையைப் பொத்திக்கொண்டது.