தங்கத் துகள்களின் காவல்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணுக்கு மூளையில், பேச்சுக்கான இடத்தை ஒட்டி, ஒரு கட்டி இருந்தது. அதன் எல்லையைப் படத்தில் காட்டுவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஊசியில் செலுத்தினார்கள். சில நாளில் அவை சிறுநீரோடு போய்விட வேண்டும். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் போய்விட்டன. இவளுக்கு மட்டும் மாதங்கள் கழிந்தும் எக்ஸ்ரே படத்தில் அவை கட்டியைச் சுற்றி வேலி போட்டதுபோல் நின்றன. கட்டியும் வளரவில்லை.

“கட்டியோட சேர்த்து அதையும் எடுத்துடலாம்மா,” என்றார் டாக்டர். “ஆனா அப்புறம் பேச்சு வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது.”

“அப்போ வேண்டாம்.”

“அடம் பிடிக்காதக்கா,” என்று தங்கை அழுதாள்.

“ஒரு வேலையா வந்த துகளுங்களே போகமாட்டேன்னு நிக்குதுங்க. சொந்தத் தலையை விட்டுட்டு நான் ஓடணுமாடி?”

டாக்டர் மறுபடியும் படம் எடுக்கச் சொன்னார். அவள் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாள். அவர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, அவளுக்கு இடப்பக்கமாக நின்றார். திரையில் துகள்கள் அத்தனையும் இடப்பக்கம் திரண்டிருந்தன. “மெஷின் கோளாறு,” என்று முணுமுணுத்தபடி அவர் வலப்பக்கம் போய் நின்றார். அடுத்த படத்தில் துகள்கள் வலப்பக்கம் இருந்தன.

உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் அவள் குரல் கணீரென்று வந்தது.

“இன்னும் எத்தனை படம் வேணுமோ எடுத்துக்குங்க டாக்டர். நாங்க இங்கேயேதான் இருப்போம்.”