இடிப்பதற்கு முன்

"அந்தப் பெரியவர் வாயைத் திறந்தாலே என் வீட்டுக்காரர் ஆயுசுல ஒரு நாள் குறையுது," என்று தையற்கடைக்காரி பக்கத்து நாற்காலியிலிருந்த பேருந்து ஓட்டுநரிடம் முணுமுணுத்தாள்.

மூடிக் கிடந்த பழைய திரையரங்கை இடித்து டயாலிசிஸ் நிலையம் கட்டலாமா என்று முடிவு செய்ய, நகராட்சி குலுக்கல் முறையில் நாற்பது பேரை அழைத்திருந்தது. முதல் நாள் காலை ஒரு ரகசிய வாக்கு; இரண்டு நாள் விவரம் கேட்டு, விவாதித்து, மறுபடியும் ஒரு வாக்கு. முதல் வாக்கில் இடிக்கச் சொன்னவர்கள் ஒன்பது பேர்தான்.

பெரியவர், அங்கே முப்பத்தெட்டு ஆண்டுகள் படம் ஓட்டிய ஆபரேட்டர். இடைவேளை மணியையும், கரண்ட் போனால் கிளம்பும் விசிலையும் அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரும் தாம் உட்கார்ந்த வரிசையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் பெரியவரே, நோயாளியை பால்கனியில உக்கார வெச்சு ரத்தம் சுத்தம் பண்ணிடலாமா?"

"பால்கனி டிக்கெட் உங்களுக்குக் கட்டுப்படியாகாதேம்மா!"

அறையே சிரித்தது.

மறுநாள் மாலை, ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். "ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒரு விதி. எதிர்ப்பக்கத்து நியாயத்தை, அவங்களே தலையாட்டற மாதிரி நீங்க சொல்லணும். முதல்ல நீங்க ரெண்டு பேரும்."

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினாள்.

"கல்யாணமாகிப் போறதுக்கு முந்தின வாரம் எங்கக்கா என்னை அங்க கூட்டிட்டுப் போனா. என்ன படம்னு ஞாபகமில்ல. இருட்டுல கடைசி வரைக்கும் என் கையை விடவேயில்ல. அந்த இடம் இல்லேன்னா..."

தன் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டதாக நினைத்தபடி உட்கார்ந்தாள்.

ஆபரேட்டர் எழுந்தார். "வாரத்துக்கு மூணு நாள். விடியக்காலை அஞ்சு மணி பஸ். போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை. வரும்போது இவங்க வீட்டுக்காரருக்குத் தலை நிக்காது. இந்தம்மா தோள்ல சாச்சுக்கிட்டு வரணும். இந்த ஊர்ல இப்படிப் பதினேழு வீடு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாக்கில் இடிக்க இருபத்தாறு. காக்கப் பதினான்கு.

அவள் அவரைத் தேடிப் போனாள். "மனசுல வெச்சுக்காதீங்க. என் பக்கத்தை அவ்வளவு நல்லாச் சொல்லி, உங்க பக்கத்தை நீங்களே தோக்கடிச்சுட்டீங்க."

"நான் எங்கம்மா தோத்தேன்? நேத்துக் காலையிலயே இடிக்கச் சொல்லித்தானே போட்டேன்."

அவள் திகைத்தாள். "அப்புறம் எதுக்கு ரெண்டு நாளா என்னைப் பாடாப் படுத்தினீங்க?"

"சோறு போட்ட இடம். அதுக்காக ஒரு வார்த்தை பரிஞ்சு பேசாம எப்படிம்மா இடிக்கறது?"